எட்டுத் தடவை திருப்தி

பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. தபால் வழி ஆய்வுப் பட்டத் திட்டத்தைக் கொண்டாடி மலர் போடப் போகிறார்களாம். அந்தக் காலத்தில் நெறியாளர்களாக இருந்தவர்கள் தங்கள் 'இனிய நினைவுகளை' இரண்டு பக்கத்துக்கு மிகாமல் எழுதி அனுப்ப வேண்டுமாம். ஓய்வு பெற்ற வாத்தியார் என்றால் எதைக் கேட்டாலும் இனிப்பாகத்தான் எழுதுவான் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். நான் எழுதுவது இரண்டு பக்கத்தில் அடங்காது. இனிக்கவும் செய்யாது. வேண்டாமென்றால் தூக்கி மூலையில் போடுங்கள். நான் அனுப்பியதைப் படிக்காமல் மூலையில் போடுவது உங்கள் ஆபீசுக்குப் புதிதில்லை.

என்னைப் பற்றி நாலு வரி போதும். அப்பா அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியில் கல் உடைத்தார். நான் அதே கல்லைப் படித்தேன். திருச்சியில் பி.எஸ்ஸி., சென்னையில் எம்.எஸ்ஸி., அப்புறம் ஐந்து வருடம் ஒரு பேராசிரியர் பின்னால் சுத்தியலோடு வெயிலில் நடந்தேன். அவர் பேசவே மாட்டார். அவர் செய்வதைப் பார்த்து நான் செய்தேன், அவ்வளவுதான். டாக்டர் பட்டம் வாங்கி, எழுபதுகளின் நடுவில் அரியலூரில் ஒரு கல்லூரியில் நிலவியல் ஆசிரியனாகச் சேர்ந்தேன்.

எழுபதுகளின் கடைசியில் இந்தத் திட்டம் வந்தது. வேலையில் இருப்பவர்கள் வேலையை விடாமல், வீட்டிலிருந்தபடியே ஆராய்ச்சி செய்து டாக்டர் ஆகலாம். நல்ல எண்ணம்தான், அதை நான் குறை சொல்லவில்லை. ஊர்க்காரர்கள் 'தபால் டாக்டர்' என்று பேர் வைத்தார்கள். டீக்கடையில் என்னைப் பார்த்தே கேட்டார்கள்: "சார், நீங்க நெசமாவே நடந்து போயி வாங்குன டாக்டரா, இல்ல தபால்ல வந்ததா?"

நடைமுறையைச் சொல்கிறேன். ஆய்வு மாணவர் ஓர் இயலை எழுதி, கார்பன் தாள் வைத்து மூன்று படி டைப் அடித்து, பல்கலைக்கழகத்தில் இதற்கென்று வைத்திருந்த இயக்குநரகத்துக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் முத்திரை குத்தி, பதிவேட்டில் ஏற்றி, ஒரு படியை எனக்கு அனுப்புவார்கள். நான் முப்பது நாளுக்குள் திருத்தி, படிவத்தோடு இயக்குநரகத்துக்கே திருப்ப வேண்டும். அவர்கள் மறுபடி முத்திரை குத்தி மாணவருக்கு அனுப்புவார்கள். நேரில் கொடுத்து வாங்கினால் செல்லாது. முத்திரை இல்லாத தாளில் என்ன இருந்தாலும் அது ஆராய்ச்சி ஆகாது.

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம். அதே தூரத்தைக் கடக்க ஓர் இயலுக்கு ஏழு வாரம் ஆனது. ஒருவருடைய மூன்றாம் இயலில் அடிப்படையே தப்பு என்று எழுதி அனுப்பினேன். அது அவர் கைக்குப் போவதற்குள் அந்தத் தப்பின் மேலேயே நாலாம் இயலையும் ஐந்தாம் இயலையும் கட்டி அனுப்பிவிட்டார். இரண்டுக்கும் முத்திரை பளிச்சென்று விழுந்திருந்தது.

என்னிடம் ஒரே சமயத்தில் ஒன்பது பேர். அதில் ஆறு பேரின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. ஒரு சுரங்க அதிகாரி முன்னுரையை மட்டும் நாலு தடவை அட்டை மாற்றி அனுப்பினார். ஒருநாள் அவருடைய ஜீப் டிரைவர் ஒரு மூட்டைக் கல்லைக் கொண்டுவந்து என் அறை வாசலில் கொட்டினார்.

"ஐயா ஆராய்ச்சி பண்ணச் சொன்னாருங்க."

"யாரை?"

"உங்களைத்தாங்க."

அவரும் டாக்டர் ஆனார். எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். நான் மாட்டேன் என்று சொன்ன பிறகு வேறு நெறியாளருக்கு மாறிப் போனார்.

இயக்குநரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொருளாதாரம் படித்தவர். பச்சை மையில் கையெழுத்துப் போடுவதில் அவருக்குத் தனி சுகம். ஆய்வேடு வந்தால் திறக்க மாட்டார். இரண்டு கையாலும் தூக்கிப் பார்ப்பார். கனமாக இருந்தால் முகம் மலரும். மெலிவாக இருந்தால், "என்னய்யா இது, கல்யாணப் பத்திரிகையா?" என்பார். பேசும்போது உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார். கோப்பின் நாடாவை அவிழ்ப்பார், கட்டுவார், மறுபடி அவிழ்ப்பார். அவருக்குப் பிடிக்காத ஒன்றைச் சொன்னால் மேசை மணியை அடித்து டீ வரவழைப்பார். டீ வந்துவிட்டால் அந்தப் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். நான் அந்த அறையில் நிறைய டீ குடித்திருக்கிறேன்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு மாணவருக்கும் நான் முன்னேற்ற அறிக்கை அனுப்ப வேண்டும். ஒரே தாள். கடைசிக் கட்டத்தில் 'திருப்தி / திருப்தியில்லை' என்று அச்சடித்திருக்கும். ஒன்றை அடிக்க வேண்டும். திருப்தியில்லை என்றால் இரண்டு பக்கத்துக்கு விளக்கம், அதுவும் மூன்று படி. திருப்தி என்றால் கையெழுத்து மட்டும் போதும். இந்த ஒரு ஏற்பாட்டாலேயே ஆராய்ச்சியெல்லாம் திருப்தியாக நடந்து வந்தது.

ஒருமுறை இயக்குநரிடம் கேட்டேன்: "சார், மாணவர் சேகரிச்ச கல்லை நெறியாளர் பாத்தாரான்னு ஒரு கட்டம் சேத்தா நல்லது."

"எல்லாப் பாடத்துக்கும் ஒரே ஃபாரம்யா. தமிழ் டிபார்ட்மென்ட்டுக்காரன் எந்தக் கல்லைப் போய்ப் பாப்பான்?"

மணியை அடித்தார். டீ வந்தது. நானும் குடித்துவிட்டு வந்தேன்.

இப்போது வசந்தா. பெரம்பலூரில் ஒரு பெண்கள் பள்ளியில் புவியியல் டீச்சர். நிலவியலில் எம்.எஸ்ஸி. முதல் வகுப்பு. குவாரிக் கம்பெனிகளுக்கு மனுப் போட்டபோது, 'பெண்களை எடுப்பதில்லை' என்று ஒரே வரியில் பதில் போட்டார்கள். அதனால் ஒன்பதாம் வகுப்புக்கு உலக வரைபடத்தில் ஆறு குறிக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். டாக்டர் பட்டம் வாங்கினால் கல்லூரிக்குப் போகலாம், கல்லைப் பற்றிப் பாடம் எடுக்கலாம். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். பதிவுக் காலம் ஐந்து வருடம். அதற்குள் முடிக்காவிட்டால் பதிவு ரத்து, மறுபடி சேர முடியாது. அப்போதே வயது முப்பத்தைந்து தாண்டியிருந்தது.

அவருடைய வேலை என்ன என்று விளக்கிவிடுகிறேன். அரியலூர்ச் சீமை ஒரு காலத்தில் கடல். அந்தக் கடலில் இருந்த நத்தையும் சிப்பியும் கல்லாய் இறுகி ஓடைக் கரைகளில் கிடக்கின்றன. அடியில் கிடப்பது பழசு, மேலே கிடப்பது அதற்குப் பிந்தியது. வசந்தா இரண்டு ஓடைகளின் கரையில், எந்த இடத்தில், எந்த அடுக்கில், எத்தனை அடி உயரத்தில் எந்தச் சிப்பி இருக்கிறது என்று பார்த்து எடுத்தார். இடம் தெரியாத சிப்பி வெறும் கல். ஷோகேசில் வைக்கலாம், ஆராய்ச்சிக்கு ஆகாது.

அவர் கணவர் முருகேசன், பெரம்பலூர் – அரியலூர் பஸ்ஸில் கண்டக்டர். சனி ஞாயிறுகளில் காலை டிரிப்பில் மனைவியை ஓடைப் பக்கம் இறக்கிவிட்டு, சாயங்கால டிரிப்பில் கல் மூட்டையோடு ஏற்றிக்கொள்வார். சீட்டுக்கு அடியில் என்ன கல் என்று சண்டைக்கு வந்த ஒருவரிடம் அவர் சொன்னதை நானே கேட்டேன்: "ஆராய்ச்சிங்க. காலக் கொஞ்சம் அந்தாண்ட வைங்க. நீங்க குந்தியிருக்கிறது கடலு மேல."

இயல்களைத் தபாலில் அனுப்பிவிட்டு, இன்னொரு படியை முருகேசன் கையில் கொடுத்தும் அனுப்புவார் வசந்தா. முருகேசன் தோல் பையிலிருந்து எடுத்து நீட்டுவார்: "வூட்டுல குடுத்து வுட்டுச்சு சார். சட்டப்படி இது வரல. நீங்க பாக்கல. நானும் குடுக்கல."

இரண்டாம் வருடம் இயக்குநரகம் வழியாக ஒரு பார்சல் வந்தது. மாதிரிக்காகப் பதினொரு கல். தபால்காரர் மேசையில் டொப்பென்று வைத்தார். "ஏன் சார், ஊரு பூராக் கல்லாத்தான் கெடக்கு. அரியலூருக்குக் கல்லு, அதுவும் ரிஜிஸ்தர் தபால்லயா?"

பிரித்தேன். ஒவ்வொரு கல்லும் செய்தித்தாளில் சுற்றியிருந்தது. உள்ளே ஒரு சிறு துண்டுத்தாளில் எண், இடம், உயரம். அழகான டீச்சர் எழுத்து. கல்லைப் பார்த்தேன், நல்ல கல். துண்டுத்தாள்களைக் குப்பைக் கூடையில் போட்டேன். அந்த நிமிடத்தில் ஒன்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கல்லை எடுத்த அன்றே, அதன் ஒரு மூலையில் வெள்ளை பெயின்ட்டை ஒரு பொட்டு வைத்து, காய்ந்ததும் கறுப்பு மையால் எண்ணைக் கல்லின் மேலேயே எழுதிவிட வேண்டும். அதே எண் நோட்டிலும் இருக்க வேண்டும். தாள் தொலையும், பை கிழியும், கல்லின் மேல் எழுதியது கல் இருக்கும்வரை இருக்கும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. என் பேராசிரியர் செய்தார், நான் பார்த்தேன். தபால் மாணவர்களுக்குக் களப்பணி பற்றிய பாடக் குறிப்பு எழுதியது நான்தான். பன்னிரண்டு பக்கம். எந்தச் சுத்தியல், எந்தக் காலணி எல்லாம் எழுதினேன். இந்த விஷயத்துக்கு மட்டும், 'மாதிரிகளுக்கு முறையாக எண் இட வேண்டும்' என்று ஒரே வரி. முறை என்ன என்று யாருக்குத்தான் தெரியாது என்று நினைத்தேன். பக்கத்தில் நின்று பார்த்தவனுக்குத் தெரியும். பெரம்பலூரில் தனியாக உட்கார்ந்து என் பன்னிரண்டு பக்கத்தைப் படித்தவருக்கு எப்படித் தெரியும்?

அவர் முறையாகத்தான் எண் இட்டார். தாளில்.

நாலு வருடம். எட்டு அறிக்கை. எட்டிலும் 'திருப்தி'. மற்ற எட்டுப் பேருக்கும் அப்படித்தான் போட்டேன், ஆனால் வசந்தாவுக்குப் போட்டபோது நிஜமாகவே திருப்தியாக இருந்தது, ஏனென்றால் அவர் எழுத்து அவ்வளவு நன்றாக இருந்தது. ஒரு மணி நேர பஸ் பயணத்தில் முந்நூற்றுச் சொச்சம் கல் கிடந்தது. நான் போய்ப் பார்க்கவில்லை. ஃபாரத்தில் அதற்குக் கட்டம் இல்லையே.

ஐந்தாம் வருடம் பாதியை நெருங்கியபோது, ஒன்பதாம் அறிக்கைக்கு முன்னால், ஒரு மத்தியானம் முருகேசன் காக்கிச் சட்டையோடு வகுப்பு வாசலில் வந்து நின்றார். கையில் இயல் எதுவும் இல்லை.

"சார், வூட்டுல அழுவுது. நீங்க ஒருக்க வரணும்."

போனேன். நாலரை வருடத்தில் முதல் தடவை. வீட்டின் பின்புறம் விறகு போட்டிருந்த கொட்டகையில் சிமெண்டுச் சாக்குகள் வரிசையாகப் பிரிந்து கிடந்தன. ஆய்வேட்டுக்குக் கற்களைப் படம் எடுப்பதற்காக வசந்தா அன்று காலை பிரித்திருக்கிறார். கரையான். சாக்கின் அடிப்பக்கம், சுற்றியிருந்த செய்தித்தாள், துண்டுத்தாள் எல்லாவற்றையும் தின்றுவிட்டு, கல்லை மட்டும் சுத்தமாக விட்டு வைத்திருந்தது. வசந்தா தரையில் உட்கார்ந்து நோட்டை மடியில் வைத்திருந்தார். நோட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு எண், முந்நூற்றுப் பன்னிரண்டு இடம், தெளிவாக இருந்தது. எதிரே முந்நூற்றுப் பன்னிரண்டு கல். எந்த எண் எந்தக் கல்லுக்கு என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

"படம் வரைஞ்சு வச்சிருந்ததை வச்சு நாப்பதைக் கண்டுபுடிச்சிட்டேங்க சார்" என்றார். "மத்தது முடியல."

"கல்லு மேலயே எழுதியிருக்கணும்மா" என்றேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "மேலயா?"

"வெள்ளை பெயின்ட் வச்சு, அதுமேல மையில."

"இதை எங்க சார் எழுதியிருக்கீங்க?"

நான் காலடியில் கிடந்த ஒரு கல்லை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன்.

"பதினொரு கல்லு அனுப்புனேனே சார், அதுல எழுதலன்னு பாத்தீங்கள்ல?"

"பாத்தேன்."

"எட்டுத் தடவை திருப்தி, திருப்தின்னு போட்டீங்களே. எதைப் பாத்து சார் திருப்தியானீங்க?"

முருகேசன், "ஏய், சார்கிட்ட..." என்று ஆரம்பித்தார். "நீங்க சும்மா இருங்க" என்றார் வசந்தா. டீ வரவழைக்க அங்கே மணி இல்லை.

மறுநாளே ரயிலேறி இயக்குநரைப் பார்க்கப் போனேன். சொன்னேன். நாடாவை அவிழ்த்தார், கட்டினார்.

"கல்லு இருக்கா?"

"இருக்கு சார்."

"நோட்டு இருக்கா?"

"இருக்கு."

"அப்புறம் என்னய்யா பிரச்சனை? உட்காந்து ஒவ்வொண்ணுலயும் ஒரு நம்பரைப் போடச் சொல்லு. கல்லு வந்து சாட்சி சொல்லப் போவுதா? தீசிஸைப் படிக்கிற பரிசோதகர்ல ஒருத்தர் ஃபாரின்ல இருக்காரு. அவரு வந்து உங்க ஓடையில எறங்கிப் பாப்பாராக்கும்?"

அவர் சொன்னதை அப்படியே வசந்தாவிடம் போய்ச் சொன்னேன். என் யோசனை என்று சொல்லவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. 'சரி' என்று அவர் சொல்லிவிட்டால் என் எட்டுக் கையெழுத்தும் தப்பித்துவிடும் என்று மனதுக்குள் ஒரு கணக்கு ஓடியது. மறைத்து என்ன ஆகப் போகிறது?

வசந்தா சிரித்தார். "நாளைக்கு என் கிளாஸ்ல ஒரு புள்ள பிட்டு வச்சு எழுதுனா, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சார் நான் புடிப்பேன்?"

முருகேசன் பக்கத்திலிருந்து சொன்னார்: "நான் டிக்கெட்டு கிழிக்காம ஆளை ஏத்துனேன்னு வைங்க, செக்கிங்கு வராத வரைக்கும் வண்டி ஓடத்தான் செய்யும். அதுக்காவ..." முடிக்கவில்லை.

"எனக்கு ஒரு வருசம் வாங்கிக் குடுங்க சார்" என்றார் வசந்தா. "எல்லாத்தையும் மறுபடி எடுக்குறேன். எடம் எனக்குத் தெரியும், நோட்டுல இருக்கு. கல்லு இன்னும் அங்க கெடக்கு."

காலநீட்டிப்புக்கு ஒரு படிவம் உண்டு. ஒரு வருடம் வரை தரலாம், தக்க காரணம் வேண்டும். காரணம் என்ற கட்டத்தில் அச்சடித்திருந்தவை: நோய், பணியிட மாற்றம், பிரசவம், பிற. இயக்குநரக எழுத்தரிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: "பொம்பளைதான சார், பிரசவம்னு போட்டுருங்க. சட்டுனு பாஸாயிடும்."

"பிரசவம் ஆகலையே."

"அது அவங்க தலைவலி. டாக்டர் சர்ட்டிபிகேட் வாங்கிட்டா முடிஞ்சுது."

பொய்ச் சான்றிதழ் வேண்டாம் என்று வசந்தா சொல்லிவிட்டார். 'பிற' என்று போட்டால் நெறியாளர் தன் கையால் விளக்கம் எழுத வேண்டும். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். எட்டு அறிக்கையில் வேலை திருப்தியாக நடக்கிறது என்று எழுதியவன் நான். திருப்தியாக நடந்த வேலைக்கு எதற்குக் காலநீட்டிப்பு? கரையான் என்று எழுதினால், 'மாதிரிகள் முறையாகப் பராமரிக்கப்படவில்லை, மாணவரின் கவனக்குறைவு' என்று பச்சை மையில் எழுதித் தள்ளுபடி செய்துவிடுவார்கள். அவருக்கு ஒரு வருடம் கிடைக்க ஒரே வழிதான் இருந்தது. தப்பு என்னுடையது என்று நான் எழுத வேண்டும். எழுதினால் அடுத்த பதவி உயர்வாக எனக்கு வர இருந்த ரீடர் பதவி போகும்.

படிவத்தை வீட்டில் அலமாரி மேல் வைத்தேன். பதினோரு நாள் வைத்திருந்தேன். நான் தியாகி இல்லை. கல் உடைத்தவர் மகன் ரீடர் ஆவதை எங்கள் தெருவே எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நாளும் ஒரு சாக்கு கண்டுபிடித்தேன். பேனாவில் மை இல்லை என்பதுகூட ஒருநாள் சாக்கானது.

பன்னிரண்டாம் நாள் வேறு ஒரு வேலையாகப் பெரம்பலூர் போக பஸ் ஏறினேன். முருகேசன் வண்டி. கூட்டத்தில் நெருக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். வழக்கமாக "வாங்க சார், குந்துங்க" என்று யாரையாவது எழுப்பி இடம் வாங்கித் தருவார். அன்று டிக்கெட் கட்டில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"எங்க?"

"பெரம்பலூர்."

கிழித்துக் கொடுத்தார். சில்லறை கொடுத்தார். அடுத்தவரிடம் போனார். கோபம் இல்லை, முறைப்பு இல்லை. கல்லங்குறிச்சிக் கோயிலுக்குப் போய்த் திரும்பும் யாரோ ஓர் ஊர் தெரியாத ஆளிடம் கேட்பதுபோல ஒரு 'எங்க?'. ஒரு மணி நேரமும் நின்றுகொண்டே போனேன். இறங்கும்போதும் அவர் திரும்பவில்லை.

அன்று சாயங்காலம் வேறு வண்டியில் திரும்பி வந்து எழுதினேன். சுற்றி வளைக்கவில்லை. 'கல்லின் மேல் எண் எழுத வேண்டும் என்று நான் எழுதிய பாடக் குறிப்பில் சொல்லவில்லை. மாணவர் அனுப்பிய மாதிரிகளில் அந்தக் குறை தெரிந்தும் கவனிக்கவில்லை. மாணவர் சேகரித்த கற்களை ஒருமுறைகூட நேரில் போய்ப் பார்க்காமல் எட்டு அறிக்கைகளில் திருப்தி என்று கையெழுத்திட்டேன். தவறு முழுவதும் நெறியாளருடையது.' மூன்று படி. கார்பன் தாள் வைத்து அழுத்தி எழுதினேன், மூன்றாவது படியிலும் தெளிவாக விழுந்தது.

இயக்குநர் என்னை வரச்சொன்னார். வாழ்க்கையில் முதல் தடவையாக முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"உனக்குப் புத்தி கெட்டுப் போச்சாய்யா? இதை ரிக்கார்டுல ஏத்துனா, மத்தவன்லாம் பாத்துட்டா கையெழுத்துப் போட்டான்னு கேப்பானே?"

"கேக்கட்டும் சார்."

"வாபஸ் வாங்கிக்க. பிரசவம்னு போட்டு நானே பாஸ் பண்றேன்."

"அந்தம்மா வேணாங்குது சார்."

மணியை அடித்தார். டீ வந்தது. நான் குடிக்கவில்லை. என் உத்தியோகம் முழுவதிலும் நான் செய்த ஒரே வீரச் செயல் அந்த டீயைக் குடிக்காமல் எழுந்து வந்ததுதான்.

மூன்று படியில் ஒன்று, விதிப்படி, பதிவாளர் ஆபீசுக்கு நேராகப் போயிருந்தது. அதனால் அமுக்க முடியவில்லை. உத்தரவு வந்தது. வசந்தாவுக்கு ஒரு வருடம். எனக்குக் குற்றக் குறிப்பாணை, நெறியாளர் தகுதி ரத்து. ரீடர் பதவி அப்புறம் ஆறு வருடம் தள்ளிப் போனது. என்னிடமிருந்தவர்கள் எல்லோரும் வேறு நெறியாளர்களுக்கு மாற்றப்பட்டார்கள். வசந்தாவுக்கு வந்த புது நெறியாளர் யார் என்று நினைக்கிறீர்கள்? இயக்குநரேதான். பொருளாதாரம் படித்தவர் கல் ஆராய்ச்சிக்கு நெறியாளர் ஆக முடியுமா என்று கேட்காதீர்கள். 'நிர்வாக நெறியாளர்' என்று ஒரு பேர் வைத்தார்கள். எல்லாப் பாடத்துக்கும் ஒரே ஃபாரம்தானே.

அந்த வருடம் சனி ஞாயிறு முழுவதும் நான் ஓடையில் இருந்தேன். எந்தப் பதவியும் இல்லாமல், வெள்ளை பெயின்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு. முதல் நாள் வசந்தா என்னிடம் பேசவில்லை. கல்லை நீட்டினார். பொட்டு வைத்தேன், காயவிட்டேன், எண் எழுதிக் காட்டினேன். இரண்டாவது கல்லுக்கு என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். அதன்பிறகு எனக்கு டப்பா தூக்கும் வேலை மட்டும்தான். மை அழியாமலிருக்க மேலே நகப்பூச்சு ஒரு பூச்சு பூசுவது வழக்கம். முருகேசன் பெரம்பலூர் ஃபேன்சி ஸ்டோரில் வாங்கி வருவார்.

"கடைக்காரன் கேக்குறான் சார், ஏன் கண்டக்டரே, வூட்டுல அம்மாவுக்கு எத்தினி வெரலுன்னு."

"என்ன சொன்னீங்க?"

"முந்நூறுன்னேன்."

அன்றுதான் அவர் என்னை மறுபடி 'சார்' என்று கூப்பிட்டார்.

வாய்மொழித் தேர்வு யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்பது விதி. கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். வடக்கேயிருந்து ஒரு பரிசோதகர் வந்திருந்தார், வயதானவர். ஆய்வேட்டை மூடி வைத்துவிட்டு மேசையில் பரப்பியிருந்த தட்டிலிருந்து ஒரு கல்லை எடுத்தார். "இது எங்கே கிடைத்தது?" வசந்தா கல்லைத் திருப்பினார், எண்ணைப் படித்தார், நோட்டைத் திறந்தார். ஓடை, கரை, அடுக்கு, உயரம். இன்னொரு கல். இன்னொன்று. ஏழு கல் ஆனதும் அவர் தலையாட்டிவிட்டு இயக்குநரைப் பார்த்து, மாணவரை நன்றாகப் பழக்கியிருக்கிறீர்கள் என்றார். களப்பணி விஷயத்தில் நாங்கள் மிகவும் கண்டிப்பு என்றார் இயக்குநர். அந்த வருடம் முழுவதும் அவர் வசந்தாவைப் பார்த்தது இரண்டு தடவை, இரண்டும் ஆபீஸ் வராந்தாவில்.

பட்டம் கிடைத்தது. இரண்டு வருடத்தில் கல்லூரி வேலையும் கிடைத்தது. ஆய்வேட்டின் முதல் தாளில், 'என் நேரடி மேற்பார்வையில் செய்யப்பட்டது' என்று பச்சை மையில் இயக்குநரின் சான்று இருக்கிறது. மலருக்குப் படம் வேண்டுமென்றால் அந்தத் தாளைப் போடுங்கள், நன்றாக இருக்கும்.

தகுதி ரத்தான நெறியாளர் பெயரை ஆய்வேட்டில் எங்கும் போடக் கூடாது என்று இயக்குநரகம் வசந்தாவிடம் சொல்லியிருந்தது. அதனால் என் பெயர் அதில் இல்லை. முருகேசன்தான் ஒரு படியைத் தோல் பையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். "வூட்டுல குடுத்து வுட்டுச்சு. ரெண்டாம் பக்கம் பாக்கச் சொல்லிச்சு." இரண்டாம் பக்கத்தில் ஆங்கிலத்தில் நன்றியுரை. இயக்குநருக்கு நன்றி, பள்ளித் தலைமையாசிரியைக்கு நன்றி, ஓடையிலிருந்து வீட்டுக்கு இலவசமாகக் கல் சுமந்த பஸ்ஸுக்கு நன்றி. கடைசி வரியைத் தமிழில் சொன்னால் இப்படி: 'எண்ணைக் கல்லின் மேலேயே எழுத வேண்டும் என்று எனக்குக் காலம் கடந்து சொன்னவருக்கு நன்றி.'

'காலம் கடந்து' என்பதை அவர் எடுத்திருக்கலாம். டைப் அடிப்பதற்கு முன்னால் எடுக்கச் சொல்லி முருகேசன் கேட்டாராம். முடியாது என்றாராம்.

சரியாகத்தான் செய்தார். என் உத்தியோகத்தில் நான் எத்தனையோ அறிக்கை எழுதினேன். என்னைப் பற்றி ஒருவர் பார்த்து எழுதிய அறிக்கை அது ஒன்றுதான்.